எதெல்வினா வைத்த பிறந்தநாள் விருந்து

காய்ச்சல் ஊரெல்லாம் பரவிய வருடத்தில் எதெல்வினாவுக்கு மூக்கு செத்துப்போனது. பலருக்கும் அப்படித்தான் ஆனது. ஒரு மாதத்திலோ இரண்டு மாதத்திலோ வாசனை திரும்பி வந்தது. அவளுக்கு வரவில்லை. தையல்காரனுக்கோ பஸ் ஓட்டுகிறவனுக்கோ இப்படி ஆனால் பெரிய இழப்பில்லை. அவள் நாரன்ஹோ தெருவில் ஃபோண்டா என்கிற சின்னச் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவள். பகல் ஒரு மணிக்குக் கதவைத் திறந்தால் நாலு மணிக்குள் அறுபது பேருக்குச் சூப்பும் சோறும் குழம்பும் தோர்த்தியாவும் போட்டாக வேண்டும். சமைக்கிறவளுக்கு வாசனை தெரியாது என்று ஒருவன் வெளியே சொன்னால் போதும், மறுநாள் ஆறு மேசையும் காலி.

அதனால் மறைத்தாள். தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி செனைதா, ஃபோண்டாவில் சோள மாவில் தோர்த்தியா ரொட்டி தட்டுகிறவள். செனைதாவின் மகளுக்கு ஞானத்தாய் எதெல்வினா. அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் ‘கொமாத்ரே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இன்னொருவன் நான், இலாரியோ. எதிர்ப்பக்கம் மருந்துக்கடையில் பதினோரு வருடம் நின்றவன். மூக்குக்கு என்று இருந்த சொட்டு, ஆவி, மாத்திரை எல்லாவற்றையும் அவளுக்குக் கொடுத்துப் பார்த்தவன் நான்தான்.

மூக்கு போன பிறகு அவள் கண்ணாலும் காதாலும் சமைத்தாள். காய்ந்த மிளகாயைக் கல்லில் போட்டால் எந்த நொடியில் தோல் உப்பும் என்று பார்த்துக்கொண்டே நிற்பாள். வெங்காயம் எண்ணெயில் போடும் சத்தம் மெலிந்ததும் தக்காளியைக் கொட்டுவாள். பால் திரிந்ததா, இறைச்சி பழையதா என்பதை மட்டும் செனைதா பார்த்துச் சொல்வாள். மூன்று வருடம் அப்படியே ஓடியது. சொல்லப்போனால் சாப்பாடு முன்பைவிட நன்றாக இருந்தது. எனக்கு அங்கே தினமும் சுவரோரம் ஒரே நாற்காலி.

ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், சமையலறைச் சாக்கடை வாய் வழியாகக் கரப்பான்பூச்சிகள் வெளியே வந்தன. பட்டப்பகல். ஒன்றிரண்டு இல்லை, கையளவு கையளவாக வந்தன. அடுப்பையும் விளக்கையும் கண்டு ஓடவில்லை. தரையில் நாலு அடி ஊர்ந்து மல்லாந்து விழுந்தன.

“தோன்யா எதெல், இன்னைக்குக் குழம்புல கறி கூடவா?” என்று கத்தினான் பக்கத்து டயர்க்கடைக்காரன். ‘தோன்யா’ எங்கள் பக்கம் பெண்களுக்கு மரியாதைச் சொல்; ஆண்களுக்கு ‘தோன்’.

“உனக்குப் போடறதுக்கு இதுவே அதிகம். வாயை மூடிட்டு சாப்பிடு” என்றாள் அவள், துடைப்பத்தால் கூட்டிக்கொண்டே.

எல்லோரும் சிரித்தோம். அப்போது யாரோ, “ஏதோ பெட்ரோல் நாத்தம் வருதே” என்றார்கள். டயர்க்கடையைப் பார்த்து எல்லோரும் கை நீட்டினோம். எதெல்வினாவும் சேர்ந்து முகத்தைச் சுளித்தாள். பிறகு சமையலறைக்குள் செனைதாவிடம் மெல்லக் கேட்டாள்: “நிஜமா நாறுதா?”

“ஆமா கொமாத்ரே. சாக்கடைலேருந்துதான்.”

செவ்வாய்க்கிழமையும் நாறியது. புதன்கிழமை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எதெல்வினா கேட்டதற்கு, “போயிடுச்சு, மழை அடிச்சுட்டுப் போயிருக்கும்” என்றாள் செனைதா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த மூன்று நாளில் தெருக்காரர்கள் என் கடையில் தலைவலி மாத்திரையாகவே கேட்டார்கள். பெட்டி தீர்ந்து இன்னொரு பெட்டி உடைத்தேன். மழைக்காலம், எல்லோருக்கும் சளி என்று நினைத்துக்கொண்டேன். அதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

எதெல்வினாவுக்கு மட்டும் நிம்மதி இல்லை. அவளுக்கு நாற்றம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கண்டதெல்லாம் வேறு. காலையில் அடுப்பு மூட்டக் குனிந்தால் கண் கரித்தது. சாக்கடை வாயில் நின்ற தண்ணீரில் மயில் கழுத்து நிறத்தில் ஏடு படர்ந்திருந்தது. பின்கட்டில் எப்போதும் தூங்கும் பூனை மூன்று நாளாகக் கூரையை விட்டு இறங்கவில்லை. நகராட்சிக்குத் தொலைபேசினாள். புதன்கிழமை மதியம் ஒரு பொறியாளர் வந்தார். மூடியைத் தூக்கிப் பார்த்தார், கையைக் கழுவினார், உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டார்.

“யாரோ பெயின்ட் கரைக்கிற எண்ணெய ஊத்தியிருக்காங்க சென்யோரா. ரெண்டு மழை பெஞ்சா சரியாயிடும். சாப்பாடு அருமை.”

வியாழக்கிழமைதான் அந்த லாரிக்காரர் வந்தார். வடக்கேயிருந்து சிமென்ட் ஏற்றி வருகிறவர். மாதம் ஒருமுறை எங்கள் ஊர் வழியாகப் போகும்போது எதெல்வினாவிடம் சாப்பிடுவார். ஃபோண்டா நிறைந்திருந்தது. வாசல் துணியை விலக்கி ஒரு காலை உள்ளே வைத்தவர் அப்படியே நின்றார்.

“அடக் கடவுளே! இந்த நாத்தத்துல எப்படிய்யா உக்காந்து சாப்பிடறீங்க?”

நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். மூக்கை உறிஞ்சிப் பார்த்தோம். சூப் வாசனை, வறுத்த மிளகாய் வாசனை. வேறொன்றும் இல்லை.

“என்ன நாத்தம்? உங்க லாரி நாத்தமா இருக்கும்” என்றான் டயர்க்கடைக்காரன்.

லாரிக்காரர் சிரிக்கவில்லை. மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, “தெரு முனையிலேருந்தே வருது. டேங்கர் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு. எனக்குச் சாப்பாடு வேணாம்” என்று திரும்பிப் போய்விட்டார்.

எதெல்வினா கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று இதைப் பார்த்தாள். பிறகு செனைதாவைப் பார்த்தாள். செனைதாவின் கையில் மாவு அப்படியே இருந்தது.

“போயிடுச்சுன்னு சொன்னியே.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே, கொமாத்ரே. சத்தியமா தெரியல.”

“நாத்தம் போகல. உன் மூக்குதான் பழகிப்போச்சு. தெருவுக்கே பழகிப்போச்சு.”

அடுப்பை அப்போதே அணைத்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்ததும், ஒரு தகர டப்பாவைக் கயிற்றில் கட்டிச் சாக்கடைக்குள் இறக்கித் தண்ணீர் மொண்டாள். என்னையும் செனைதாவையும் கூப்பிட்டாள். மூவரும் ஊர் எல்லையில் இருந்த கால்பந்து மைதானத்துக்குப் போனோம். மைதானத்து நடுவில் டப்பாவை வைத்துவிட்டு, நீளக் கழியின் முனையில் துணி சுற்றி, பற்றவைத்து நீட்டினாள்.

தண்ணீர் எரிந்தது. முதலில் ஒரு ‘வுப்’ என்ற சத்தம். பிறகு ஆள் உயரத்துக்குத் தீ. செனைதா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் தெருவைத் திரும்பிப் பார்த்தேன். சாயங்கால வெயிலில் வரிசையாக முப்பத்தேழு வீடு. ஒவ்வொரு சமையலறையிலும் ஒரு அடுப்பு.

எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தேவையே இல்லை. ஊருக்கு மேற்கே சோளக்காட்டுக்கு அடியில் எண்ணெய்க் குழாய் போகிறது. அதில் ஓட்டை போட்டுத் திருடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். யார் என்று யாரும் சொல்வதில்லை. அந்த ஓட்டை ஒழுங்காக அடைபடாமல், எண்ணெய் மண்ணுக்குள் இறங்கி, பழைய சாக்கடைக்குள் வழிந்துகொண்டிருந்தது.

பெரிய ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு அன்றைக்கே நான் பேசினேன். பெயர், தெரு எல்லாம் எழுதிக்கொண்டார்கள். திங்கட்கிழமை ஆள் வரும் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை ஃபோண்டாவில் அடுப்பு எரியவில்லை. சாக்கடை வாயில் ஈரச் சாக்குகளைத் திணித்து, மேலே துணி துவைக்கும் கல்லைத் தூக்கி வைத்திருந்தாள். எலுமிச்சையில் ஊறிய மீன், கள்ளித்துண்டு, அவகாடோ, முதல் நாள் தோர்த்தியாவைக் காயவைத்து அதன்மேல் எல்லாம். சாப்பிட வந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

“என்ன தோன்யா எதெல், பத்தியச் சாப்பாடா?”

“அடுப்பு ரிப்பேர்” என்றாள்.

இரண்டு மணி சுமாருக்குக் கறுப்புப் பிக்கப் வண்டி ஒன்று வாசலில் நின்றது. இறங்கியவன் ஒருவன்தான். நாற்பது வயது இருக்கும், நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. அதுவரை ஊரில் பார்த்ததில்லை. அவன் உட்கார்ந்ததும் பக்கத்து மேசைப் பேச்சு நின்றுபோனது. பொறுமையாக, தட்டில் ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். பிறகு அவளைக் கூப்பிட்டான்.

“மீன் ரொம்ப நல்லா இருந்துச்சு, சென்யோரா. நகராட்சிக்கு நீங்க போன் பண்ணீங்களாமே?”

“சாக்கடை அடைச்சுக்கிச்சு. அதான்.”

“அது அடைச்சா தானா தொறந்துக்கும்.” வாயைத் துடைத்துக்கொண்டான். “கண்ணு எரியுதுன்னா கண்ணை மூடிக்கங்க. பட்டாளம், போலீஸ்னு வந்து நின்னா இந்தத் தெருவுல யாருக்கும் நல்லது இல்ல. நீங்க சமைக்கிறவங்க. சமைங்க.”

அவன் போன பிறகு அவள் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள். நான் சுவரோரம் என் நாற்காலியில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

“இலாரியோ, நாளைக்கு என் பிறந்தநாள்” என்றாள் திடீரென்று.

“உங்க பிறந்தநாள் பிப்ரவரிலதானே, தோன்யா?”

“நாளைக்குத்தான். தெருவுக்கே மைதானத்துல விருந்து. யார்கிட்டயும் ஒரு காசு வாங்கப் போறதில்ல. ஒவ்வொரு வீடா போய்ச் சொல்லு. காலைல பதினோரு மணிக்கு மேல தெருவுல ஒரு ஆள் இருக்கக் கூடாது. வீட்டுல எல்லா அடுப்பையும் அணைச்சுட்டு வரச் சொல்லு. ஏன்னு கேட்டா, ‘என் விருந்தன்னைக்கு வேற வீட்டுல சமைச்சா எனக்கு அவமானம்’னு சொன்னேன்னு சொல்லு. மிச்சத்தை மைதானத்துல வச்சு யோசிப்போம். திங்கட்கிழமை வரைக்கும் அவங்களை அங்கேயே எப்படியாவது பிடிச்சு வைக்கணும்.”

உண்மையை நேராகச் சொல்லலாமே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த ஆள் வாய் துடைத்துப் போட்ட துணி நாற்காலியில் இன்னும் கசங்கியே கிடந்தது. நான் தலையாட்டினேன்.

உண்மையை அவள் சொன்னது ஒரே ஒருவரிடம். ரொட்டிச்சூளை வைத்திருந்த தோன் மெலித்தோன். தெருவிலேயே பெரிய நெருப்பு அவருடையதுதான். அவரை விருந்து என்று சொல்லி மட்டும் நகர்த்த முடியாது. சாயங்காலம் இருவரும் அவருடைய கடைக்குப் போனோம். அவர் மாவுப் பலகைக்குப் பின்னால் நின்று கேட்டார். டப்பாத் தண்ணீர் எரிந்ததைச் சொன்னதும் மீசையைத் தடவிக்கொண்டார்.

“முப்பது வருஷமா இந்தச் சூளை எரியுது. எரிஞ்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?”

“தோன் மெலித்தோன், ஒரு நாள். ஒரே ஒரு நாள்.”

“நாளைக்கு ஞானஸ்நானத்துக்கு நானூறு ரொட்டி கேட்டிருக்காங்க. மாவு பிசைஞ்சாச்சு. கொழந்தைக்குப் பேர் வைக்கிற அன்னைக்கு வெறும் தட்டை நீட்டறதா? கடைசி ஈடு எடுத்துட்டு ரெண்டு மணிக்கு நானே வர்றேன். ப்ளாசிதாவையும் பசங்களையும் முதல்லயே அனுப்பிடறேன். போதுமா?”

ப்ளாசிதா அவர் மனைவி. அவள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். “அவகிட்ட இதைச் சொல்லாதீங்க, ராத்திரி பூரா தூங்க மாட்டா” என்றார் அவர். எதெல்வினா சொல்லவில்லை.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மைதானத்தில் விறகு எரிந்தது. அவள் மோலே குழம்பு செய்தாள்: நான்கு வகை மிளகாய், எள், வேர்க்கடலை, கசப்புச் சாக்லேட், எல்லாம் முதல் நாளே கல்லில் அரைத்தது. தலையாட்டி மறுக்கிறவனும் மோலே என்றால் வந்துவிடுவான். பத்தரைக்கே தெரு நகரத் தொடங்கியது. நாற்காலி, பாய், கிடார், குளிர்பெட்டி. தையல்காரர் அனஸ்தாசியோ மட்டும் வர மறுத்தார். காலில் மாவுக்கட்டு. நானும் டயர்க்கடைக்காரனும் அவரை ஃபோண்டா பெஞ்சில் உட்காரவைத்துத் தூக்கினோம்.

“டேய், இது பிறந்தநாளா, என் சவ ஊர்வலமா?” என்று வழியெல்லாம் கத்தினார்.

“பேசாம இருங்க, தூக்கறவன் நான். கீழே போட்டுருவேன்” என்றான் டயர்க்கடைக்காரன்.

தெருவில் கடைசியாக நடந்தவன் நான். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. காலடிச் சத்தம் எனக்கே திரும்பக் கேட்டது. மெலித்தோனின் சூளையிலிருந்து மட்டும் புகை வந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து கையை ஆட்டி, இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு மணிக்கு வருகிறேன் என்று.

மைதானத்தில் எழுபது பேருக்கு மேல் இருந்தோம். எதெல்வினா ஒவ்வொரு தட்டிலும் தானே மோலே ஊற்றினாள். எல்லோரும் அவளுக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். அவள் நடுவில் நின்று, சிரிக்க முயன்றபடி, தெருப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ப்ளாசிதா அவளைக் கட்டிப்பிடித்து, “எத்தனை வயசுன்னு சொல்லுங்க, வெக்கப்படாதீங்க” என்றாள். ஒன்றரை மணிக்கு எதெல்வினா என்னிடம் வந்தாள்.

“போய் அவரை இழுத்துட்டு வா, இலாரியோ. ரொட்டி கருகினா கருகட்டும்.”

நான் மைதானத்து வேலி வரைதான் போனேன். காலுக்கு அடியில் ஏதோ உருண்டது, பெரிய லாரி போகிற மாதிரி. பிறகு தெரு எழுந்தது. அதை வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை. கல் பாவிய தெரு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முதுகை நிமிர்த்தியது. சாக்கடை மூடிகள் கூரைகளுக்கு மேலே போவதைப் பார்த்தேன். சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. நான் விழுந்தேன். எழுந்தபோது நாரன்ஹோ தெரு இருந்த இடத்தில் நீளமான பள்ளமும், அதற்குள் தீயும் இருந்தன. மைதானத்தில் குழந்தைகள் அழத் தொடங்கினார்கள்.

தோன் மெலித்தோன் இறந்தார். அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளில் தெருவைக் கடந்துகொண்டிருந்த கணவனும் மனைவியும் இறந்தார்கள்; வெளியூர்க்காரர்கள், எங்களில் யாருக்கும் அவர்களைத் தெரியாது. முப்பத்தேழு வீட்டில் நின்றவை ஆறு. ஃபோண்டாவில் ஒரு சுவரும் மிஞ்சவில்லை.

அடுத்த இரண்டு நாள் எல்லோரும் எதெல்வினாவின் கையை முத்தமிட்டார்கள். மூன்றாம் நாள் மாநிலத் தலைநகரிலிருந்து விசாரணைக்காரர் வந்தார். பள்ளிக்கூட வகுப்பறையில், சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் அவளை உட்காரவைத்துக் கேட்டார். வெளியே ஜன்னலோரம் பாதி ஊர் நின்றது.

“உங்க பிறந்தநாள் பிப்ரவரி பத்தொன்பதுன்னு பதிவுல இருக்கு.”

“ஆமா.”

“அப்போ அந்த நாளைக்கு, அந்த மணிக்கு, தெருவையே எப்படிக் காலி பண்ணீங்க? யார் சொன்னது உங்களுக்கு?”

“யாரும் சொல்லல. கரப்பான்பூச்சி செத்துச்சு. தண்ணி எரிஞ்சுச்சு.”

“எழுபது பேருக்கு வராத நாத்தம் உங்களுக்கு மட்டும் வந்துச்சா?”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். தெரிந்த முகங்கள் எல்லாம் அங்கே இருந்தன.

“எனக்கு நாத்தமே தெரியாது, ஐயா. மூணு வருஷமா மூக்கு இல்ல. அதனாலதான் எனக்குத் தெரிஞ்சுது.”

யாரோ சிரித்தார்கள். விசாரணைக்காரர் அதை எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை. கறுப்பு வண்டிக்காரனைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று மாலைக்குள் பேச்சு மாறிவிட்டது. “அவளுக்கு முன்னாடியே தெரியும். அவங்க ஆளு அவ ஃபோண்டால உக்காந்து சாப்பிட்டான், நானே பாத்தேன்” என்றான் டயர்க்கடைக்காரன். அவள் மோலேயைச் சாப்பிட்டு உயிரோடு இருப்பவன்.

இதெல்லாம் அவளை அவ்வளவாகத் தொடவில்லை. அவளை உடைத்தது ப்ளாசிதா. அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு நாங்கள் போனபோது, ப்ளாசிதா எல்லோர் முன்னாலும் எழுந்து வந்தாள். கத்தவில்லை.

“அவர்கிட்ட சொன்னீங்களாமே. இலாரியோ சொன்னான்.”

“சொன்னேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல? நான் உங்களுக்குப் பாட்டுப் பாடினேன். தட்டை நீட்டி ரெண்டாந்தரம் வாங்கித் தின்னேன். தெரிஞ்சிருந்தா அவர் தலைமயிரைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன். அவருக்கு நிஜம், எனக்குப் பிறந்தநாளா, தோன்யா?”

எதெல்வினா முழங்காலிட்டாள். ஜெபம் முடியும்வரை அங்கேயே இருந்தாள். எழுந்திருக்க செனைதா கை கொடுக்க வேண்டியிருந்தது.

அக்டோபரில் ஊரை விட்டுப் போனாள். பகல் பஸ். ஒரு பெட்டி, ஒரு துணி மூட்டை. வழியனுப்ப நானும் செனைதாவும் மட்டும்.

“திரும்பி வருவீங்கல்ல, கொமாத்ரே?”

“நீ உன் மகளைப் பாத்துக்கோ” என்றாள் எதெல்வினா. அது பதில் இல்லை என்று செனைதாவுக்கும் தெரிந்தது.

கிழக்குக் கடற்கரையில் ஒரு துறைமுக ஊரில், மீன் இறக்குகிறவர்களுக்குச் சமைக்கிறாள் என்று கேள்வி. அங்கே எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிட்டாளாம், எனக்கு வாசனை தெரியாது என்று. இங்கே குழாய்க்கு மேல் புதுச் சோளம் விதைத்திருக்கிறார்கள். நாரன்ஹோ தெருவைக் கான்கிரீட்டால் மூடி வேறு பெயர் வைத்துவிட்டார்கள். ப்ளாசிதா சூளையை மறுபடி கட்டவில்லை. சந்தைக்குப் போகும்போது எதிரே வந்தால் என்னிடம் பேசுவதும் இல்லை. மெலித்தோனுக்கு உண்மை தெரியும் என்பதை அவளிடம் போய்ச் சொன்னவன் நான்தான். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.